சலூத் அக்கா ஓடிய ஓட்டம்

சலூத் அக்கா தும்மினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். சங்கு ஊதின மாதிரி இருக்கும். மீன் சந்தையில் அவள் தும்மினால், தூங்குகிற பூனைகூட எழுந்து இடம் மாறிப் படுக்கும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அந்த உயிர்ப்பு ஞாயிறு எங்கள் ஊரில் நடந்த கூத்துக்கும், அதைவிடப் பெரிய நன்மைக்கும் அந்தத் தும்மல்தான் காரணம்.

பிலிப்பைன்ஸ் நாட்டு மரிண்டுக்கே தீவில் கடலை ஒட்டின ஊர் எங்களுடையது. அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலி. அவள் மீன் விற்கிறவள். ஆள் நல்ல கட்டு, சிரித்தால் தோள் குலுங்கும். அவள் புருஷன் தெம்யோங் அண்ணன் தென்னை ஏறுகிறவர். அவளுக்கு நேர்மாறு. ஒல்லி, பேச்சுக் குறைச்சல், பயம் ஜாஸ்தி. எல்லாப் பயமும் அவளைப் பற்றித்தான்.

கடைசி மகள் பிறந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். அண்ணன் கோவிலுக்கு ஓடி, சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தின் காலைக் கட்டிக்கொண்டு நேர்ந்துகொண்டார். "இவள எனக்குக் குடு சாமி. சாகிற வரைக்கும் வருஷா வருஷம் மொரியோன் வேஷம் கட்டுறேன். ஒரு வருஷம் தப்பினா இவள எடுத்துக்கோ."

அந்தக் கடைசி வார்த்தையை யார் அவரிடம் கேட்டார்கள்! ஆனாலும் வாயில் வந்துவிட்டது. அக்கா பிழைத்தாள். வேஷம் கட்டுவதாக நேர்ந்தது ஊருக்கே தெரியும். கடைசி வார்த்தையை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட. நெஞ்சுக்குள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மொரியோன் என்றால் ரோமைப் படைச் சேவகன் வேஷம். முள்முருங்கை மரத்தைக் குடைந்து செய்த முகமூடி. முறைக்கிற கண், பெரிய தாடி, தலைமேல் காகிதப்பூக் கிரீடம். பரிசுத்த வாரம் முழுக்க அதை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு கட்டையை டக் டக்கென்று தட்டியபடி வெயிலில் ஊர் சுற்ற வேண்டும். உள்ளே இருப்பது யாரென்று காட்டக்கூடாது. ஒருமுறை தலையில் வைத்துப் பார்த்தேன், அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

வருஷம் முழுவதும் அந்த வேஷம் வீட்டுச் சண்டையில் வந்து நிற்கும்.

"உனக்காகத்தான்டி நான் அந்த வெயில்ல வேகுறேன்" என்பார் அண்ணன்.

"ஏன்யா, என் உசுர நீ வருஷா வருஷம் குத்தகைக்கு எடுக்குறியா? கடவுள் குடுத்தாரா, இல்ல வாடகைக்கு விட்டாரா?"

"வாயக் கழுவுடி. நேர்ந்தது நேர்ந்ததுதான்."

நான் வேலிக்கு இந்தப்பக்கம் சிரித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் பெரிய புதன் காலையில், வேஷம் கட்டுமுன் இரண்டு குலை இறக்கிவிடலாம் என்று அண்ணன் மரம் ஏறினார். இறங்கும்போது கால் வழுக்கியது. எலும்பு முறிந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டிலில் படுத்தபடி, சுவரில் தொங்குகிற முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அக்கா தும்மினாள்.

"என்னடி அது?" என்று கட்டிலிலிருந்து அலறினார்.

"தூசி."

"காய்ச்சலா? இபியாங், நீ தொட்டுப் பாரு. சுடுதா?"

தொட்டுப் பார்த்தேன். "மீன் வாடைதான் அண்ணே அடிக்குது, சுடல."

வெள்ளிக்கிழமை அவளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வெறும் ஜலதோஷம். அவருக்கோ முகத்தில் ரத்தமே இல்லை. நாங்கள் சிலுவைப் பாதைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த மாவுக்கட்டோடு தவழ்ந்துபோய் முகமூடியை எடுக்கப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது தரையில் கிடந்தார். அக்கா அவரைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். மனுஷன் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கினார். "நீ போயிடுவ சலூத், நீ போயிடுவ" என்றார். என்ன கேட்டும் காரணம் சொல்லவில்லை. அன்றைக்கு ஒருநாள்தான் அக்கா வாயில் கேலி வராமல் நான் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைத் திருப்பலி முடிந்து வந்து, நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வேலியைத் தாண்டி அக்கா வந்தாள். இடுப்பில் பாவாடை போலச் சேவகன் உடுப்பு, கக்கத்தில் முகமூடி.

"இபியாங், முதுகுப்பக்கம் கயிற்ற இறுக்கு."

"அக்கா! இது பொம்பளைங்க கட்டுற வேஷமா?"

"வெளிய ஆம்பள மூஞ்சிதானே செதுக்கியிருக்கு. உள்ள எவ இருந்தா என்ன?"

"உனக்குத்தான் இந்த நேர்த்தியில நம்பிக்கையே கெடையாதே?"

"கடவுளுக்காகக் கட்டலடி. அவருக்கு நாம வெச்ச பாக்கி எதுவும் இல்ல, எல்லாம் அவரே முடிச்சிட்டாரு. இந்த மனுஷன்தான் பயத்துலயே செத்துருவான் போலிருக்கு. அவனால எழுந்திரிக்க முடியல. எழுந்திரிக்க முடியாதவனுக்காக யாராவது ஒருத்தர் போகத்தானே வேணும்?"

கயிற்றை இறுக்கினேன்.

"தும்மல் வந்தா?"

"அடக்கிக்கிறேன். நீ உன் வாய அடக்கு."

உயிர்ப்பு ஞாயிறு அன்று லோங்கினோவைத் துரத்துவது எங்கள் ஊர் வழக்கம். ஆண்டவர் விலாவில் ஈட்டியால் குத்தின சேவகன் அவன். ஒரு கண் குருடு. குத்தின இடத்திலிருந்து தெறித்த இரத்தம் பட்டு அந்தக் கண் திறந்துவிட்டது. ஆண்டவர் உயிர்த்தார் என்று அவன் தெருத்தெருவாய்ச் சொல்லி ஓட, மற்றச் சேவகர்கள் பிடிக்க ஓடுவார்கள். இரண்டு முறை பிடித்தும் தப்பிவிடுவான். மூன்றாம் முறை ஆற்றங்கரை மேடையில் தலை வெட்டு. எங்கள் ஊரில் லோங்கினோ வேஷம் முடிவெட்டுகிற கடோய்க்கு. இந்த ஒழுங்கெல்லாம் சேவகர் கூட்டத்துத் தலைவர் ஓனோங் ஆண்களைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார். அக்காவுக்கு யார் சொன்னது?

மேளம் அடித்தார்கள். கடோய் ஓடினான். முகமூடிகள் எல்லாம் "ஹோ"வென்று பின்னாலே. அடேயப்பா, அந்தப் புழுதி! நான் ஓரத்தில் ஓடிக்கொண்டே பார்க்கிறேன், ஒரு முகமூடி மட்டும் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறது. படகு கரை சேர்ந்ததும் மீன் கூடையைப் பிடுங்க ஓடுவாளே, அதே ஓட்டம். ரொட்டிக்கடை முனையில் பாய்ந்து கடோயைக் கீழே தள்ளி, கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கடோய் ஒரு துள்ளுத் துள்ளினான். பிடி விடவில்லை. இன்னொரு துள்ளு. ம்ஹூம்.

"விடுடா" என்றான் கடோய் பல்லைக் கடித்துக்கொண்டு. "இது மொத தடவடா. நான் தப்பிக்கணும்டா!"

பிடி இன்னும் இறுகியது. ஜனம் ஆரவாரம் செய்கிறது. ஓனோங் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாருடா அது, கிறுக்குப் பயலே! இங்கேயே புடிச்சிட்டா மேடையில யார் தலைய வெட்டுறது? உன் தலையவா?"

அந்த நேரம் பார்த்து என் புருஷனின் டிரைசிக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மோட்டார் சைக்கிளோடு சேர்ந்த பக்கப் பெட்டியில் தெம்யோங் அண்ணன், மாவுக்கட்டுக் காலை வெளியே நீட்டியபடி. கண் விழித்துப் பார்த்திருக்கிறார், சுவரில் முகமூடி இல்லை.

"திருடன்! அது என் முகமூடி! புடிங்க அவன!"

முகமூடி அவர் பக்கம் திரும்பியது. அப்போது வந்தது பாருங்கள்.

அச்ச்ச்சூ!

காகிதப்பூ நாலாப்பக்கமும் பறந்தது. தெருவே ஒரு நிமிஷம் கப்சிப். பிறகு மீன்காரிகள் எல்லோரும் ஒரே குரலில், "சலூத்து!"

அவள் முகமூடியைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, மூக்கு சிவந்து கிடந்தது. ஆனாலும் கடோயின் கழுத்தை விடவில்லை.

ஓனோங் தலையில் கை வைத்தார். "பொம்பள கட்டினா நேர்த்தி செல்லுமா?"

"செல்லாது" என்றார் அண்ணன். "நேர்ந்தவன் நான். ஓட வேண்டியவன் நான். ஒரு வருஷம் தப்பினா இவள எடுத்துக்கன்னு நான்தான் சாமிகிட்ட சொன்னேன்."

அக்காவுக்கு அது அப்போதுதான் தெரியும். வாயைப் பிளந்து அவரைப் பார்த்தாள்.

"அடப்பாவி! என்ன அடமானமா வெச்ச?"

அவர் தலை குனிந்துகொண்டார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "பயத்துல புள்ள எதையோ உளறினா, பெத்த அப்பன் அதப் புடிச்சு வெச்சுக்குவானா? சரி, ஒண்ணு கேக்குறேன், சொல்லு. முந்தாநாள் செலுவையில தொங்கினது யாரு? நீயா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"தொங்க வேண்டியவன் நீ, நான், இந்தக் கடோய், எல்லாரும். நமக்குப் பதிலா வேற ஒருத்தர் தொங்கினாரு. அது செல்லும்னுதானே ஊரே மேளம் அடிக்குது? அங்க வேற ஆள் போனது செல்லலன்னா, நீ நூறு வருஷம் ஓடினாலும் நாம யாரும் தேற மாட்டோம். செல்லும்னா, அப்புறம் எதுக்குய்யா என்ன வெச்சு ஒவ்வொரு வருஷமும் பேரம் பேசுற?"

கக்கத்துக்குள்ளிருந்து கடோய் சொன்னான். "அக்கா, பிரசங்கம் முடிஞ்சா என் கழுத்த விடுங்க. இன்னும் ரெண்டு தெரு நான் உயிரோட இருக்கணும்."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஓனோங்கும் சிரித்தார். அண்ணன் சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "எடுத்துக்கலையா? அப்ப நெஜமாவே எடுத்துக்கலையா?" என்றார்.

"குடுத்துட்டாருய்யா" என்றாள் அக்கா. "சும்மா குடுத்துட்டாரு."

ஓனோங் கை தட்டினார். "சரி சரி, மேளத்த அடி! சலூத்து, ஓடுறதுன்னா ஓடு. ஆனா மேடையிலதான் புடிக்கணும், சொல்லிட்டேன்!"

அவள் முகமூடியை மறுபடி மாட்டவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறும் முகத்தோடு, சிரித்துக்கொண்டே மேடை வரைக்கும் ஓடினாள். அங்கே கடோய் மண்டியிட்டு வழக்கமான வசனத்தைச் சொன்னான்: நான் குத்தினேன், நான் குத்தின காயமே எனக்குப் பார்வை தந்தது. வருஷா வருஷம் கேட்கிற வசனம். டிரைசிக்கிளிலிருந்து தெம்யோங் அண்ணன், முதல்முறை கேட்கிறவர் மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மறுவருஷமும் அவர் வேஷம் கட்டினார். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைப் பயமுறுத்தி விளையாடிக்கொண்டு, வெயில் ஏறினதும் மர நிழலில் உட்கார்ந்துகொண்டு. "சந்தோஷத்துக்குக் கட்டுறேன்" என்கிறார்.

போன வாரம் கருவாட்டுக் குழம்பு கொடுக்கப் போனேன். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா தும்மினாள், பாத்திரம் அதிர. நான் பழக்கதோஷத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

"அந்த உப்ப இப்படித் தள்ளுடி" என்றார். தட்டிலிருந்து கை எழவே இல்லை.