தங்கராஜ் சார் வண்டியின் பூட்டு

போன வாரம் காட்பாடியில் என் கடைக்கு ஒரு இளைஞர் பழைய எண்ணூறு ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். உங்களுக்கும் நினைவிருக்கும். எண்பதுகளில் வந்து, பெரிய வண்டிகளுக்கு நடுவில் பொம்மை மாதிரி ஓடிய அந்தச் சின்னக் கார்தான். பின்கதவை மேலே தூக்கித் திறக்க வேண்டும். "அங்கிள், ப்ளூடூத் வேணும், ரிவர்ஸ் கேமரா வேணும், போன் சார்ஜ் பண்ணணும். ஆனா எதுவுமே வெளிய தெரியக்கூடாது. அப்பா வாங்கினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்" என்றார். சிரித்துவிட்டேன். இதே பேச்சை நான் முன்பே ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், ப்ளூடூத் மட்டும்தான் புதுசு.

டேஷ்போர்டைக் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. பழைய ரெக்சினும் தூசும். அதற்கும் அடியில், கெட்ட முட்டையும் சுண்ணாம்பும் நனைந்த தோலும் கலந்த ஒன்று. கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இளைஞர் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து எட்டிப் பார்த்தார். உடையவில்லை. ஆம்பூர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆம்பூர் வழியாகப் பேருந்தில் போனவர்கள் அந்த நாட்களில் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். தோல் பதனிடும் இடங்களைத் தோல்ஷாப்பு என்போம். அந்த ஷாப்பு வாடையும், மதியத்தில் பிரியாணி தம் உடைக்கிற வாசனையும் பைபாஸில் ஒன்றாகக் கலந்து நிற்கும். எங்களுக்கு இரண்டுமே பசி எடுக்கவைக்கும். என் கூட்டாளி கௌஸின் அம்மா சொல்வார்: "நாத்தம் வந்தா இன்னாடா? வரலைன்னாதான் பயப்படணும். ஷாப்ப மூடிட்டான்னு அர்த்தம்."

அந்தக் காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. வெள்ளி தாங்காது. திமிரிப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி, மாமியார் போட்ட கொலுசு கறுத்துப்போனதைப் பார்த்து, போலி நகை போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று பிறந்த வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகப் போகிற நேரத்தில், யாரோ அவள் காலைக் காட்டினார்கள். அவள் அம்மா கொடுத்த வெள்ளியில் செய்த மெட்டியும் அதே கறுப்பு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எங்கள் கடை பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கௌஸ் சீட் கவர் தைப்பான். நான் வயர் வேலை. யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, தெருவில் இருந்த ரேடியோக்களைக் கெடுத்துக் கெடுத்தே தேறியவன். "நீ தொட்டு உயிரோட இருக்கிற முதல் டேப் இதுதான்" என்று கடை திறந்த அன்று கௌஸ் சொன்னான். அதுவும் மறுநாள் நின்றுபோயிற்று.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில்தான் தங்கராஜ் சார் தன் எண்ணூறோடு வந்தார். ஒரு தோல்ஷாப்பில் கெமிஸ்ட். தோலை ஊறவைக்கிற ரசாயனத்தில் நகக்கண்ணெல்லாம் ஊதா பூத்திருக்கும். ஷாப்பு வாடை அவர் சட்டையோடு வரும், சட்டையை மாற்றினாலும் வரும்.

"உள்ள இன்னா வேணா வை. சிடி வை, பெரிய ஸ்பீக்கர் வை, ரிமோட் லாக் வை. ஆனா வெளிய ஒரு ஸ்க்ரூ தெரியக்கூடாது. கெழவிக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி ஆயிடக்கூடாது."

"யாருக்கும் தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு சார் வைக்கணும்?" என்றான் கௌஸ்.

"எனக்குத் தெரியும்ல."

அந்தப் பதில் கௌஸுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. மாதக்கணக்கில் எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மீன் குழம்பில் உப்பு கம்மி என்றால்கூட, "எனக்குத் தெரியும்ல."

வேலை முடிய வெகுநாள் ஆயிற்று. பழைய ரேடியோவின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சிடி செட்டைச் சாமான் பெட்டிக்குள் ஒளித்தேன். ரேடியோவின் பழைய இரண்டு குமிழ்களாலேயே புது செட்டை இயக்கலாம். டயலுக்குப் பின்னால் இருந்த குட்டிப் பச்சை விளக்கை அப்படியே விட்டேன். கதவு ஸ்பீக்கர்கள்மேல் கௌஸ் தோல் தைத்து, ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்டான். பார்த்தால் வெறும் அலங்காரம். ரிமோட்டின் உள்ளுறுப்புகளைப் பிரித்தெடுத்துச் சாவியின் தோல் உறைக்குள் வைத்துத் தைத்தோம். உறையை அழுத்தினால் நான்கு கதவும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்ளும்: டக்.

சாருக்கு அந்த டக் சத்தத்தின்மேல் ஒரு பைத்தியம். பாட்டை விட்டுவிட்டு அதையே அழுத்திக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி லில்லி சிஸ்டர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் வெச்சிருந்து இன்னா பண்ணீங்க?" என்றார். எங்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யார் கொடுப்பார்கள்? ஆனால் பிறகு அவரே ஒருமுறை சொன்னார், அந்தச் சத்தம் நல்ல வசதி என்று. வீடு நெடுஞ்சாலைப் பக்கம், சமையற்கட்டு பின்னால். லாரி இரைச்சலில் கார் வந்தது கேட்காது, டக் மட்டும் கேட்கும். அது கேட்டதும் டீக்குப் பால் வைத்துவிடுவாராம். "ஆறு மணிக்கு வர்றேம்பாரு. அந்த மனுசன் சொன்ன நேரத்துக்கு என்னிக்கு வந்தாரு? சத்தம் கேட்டாத்தான் நிஜம்."

சில வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், தங்கராஜ் சார் ஷாப்பு லேபில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டீ கொண்டுபோனவர், சார் ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்து மூடிவிட்டு வந்தாராம். அடக்கத்துக்குப் போயிருந்தோம்.

அடுத்த கோடை வருவதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. சிஸ்டர் வீட்டு ஷெட்டில் நிற்கிற வண்டி பொழுது சாய்ந்தால் தானாகவே பூட்டிக்கொள்கிறது, தானாகவே திறக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது. பால்காரம்மா வாசலோடு ஊற்றிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். பாஸ்டர் வந்து ஷெட்டில் ஜெபம் பண்ணினாராம். அவர் ஆமென் சொன்னதும் வண்டியும் டக் என்றதாம். அவர் அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்து டீ குடிக்கவில்லை என்பது தெருவின் கூடுதல் தகவல்.

சிஸ்டரின் மகன் ராபின் பெங்களூரில் வேலை பார்த்தான். ஒருநாள் நேராகக் கடைக்கு வந்தான்.

"அண்ணா, அம்மா தினம் சாயங்காலம் போய் அந்த வண்டில உக்காந்துக்குறாங்க. டக்னு கேட்டாத்தான் எழுந்து வந்து சாப்புடுறாங்க. என்கூட வாங்கன்னா, இவர வுட்டுட்டு எப்பட்ரா வர்றதுங்கிறாங்க. எனக்குப் பேஜாரா இருக்கு. நீங்க வெச்சதுதானே, நீங்களே சரி பண்ணுங்க. இல்லைன்னா வண்டிய வித்துடுவேன்."

அன்று மாலையே நானும் கௌஸும் போனோம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில், கைப்பையை மடியில் வைத்து, எங்கேயோ கிளம்புகிறவர்போல உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஷெட் ஓரமாக நின்றோம். காற்று குளிர்ந்து, ஷாப்பு வாடை மெல்ல இறங்கியது. அது இறங்க இறங்க, தங்கராஜ் சார் பக்கத்தில் வந்து நிற்பது போலவே இருந்தது எனக்கு. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. அந்த வண்டியின் ஒவ்வொரு வயரும் நான் இழுத்தது. அப்படியிருந்தும் முதுகில் வியர்த்தது.

ரேடியோ முகத்தில் பச்சை விளக்கு லேசாகப் பூத்தது. யாரும் தொடாத கதவுகளில் நான்கு பூட்டும் ஒன்றாக விழுந்தன. டக்.

கௌஸ் என் முழங்கையைப் பிடித்திருந்தான். சிஸ்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு உள்ளே பூட்டை நிமிர்த்திக் கதவைத் திறந்து இறங்கி, "டீ வெக்கிறேன், குடிச்சிட்டுப் போங்க" என்றார். டக் கேட்டதும், சார் இருந்த காலத்தைப் போலவே, அவர் பால் வைக்கப் போகிறார் என்பது எங்களுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் வண்டியைப் பிரித்தேன். பூட்டின் பெட்டியைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. கொலுசைக் கறுக்கவைத்த அதே காற்று, செம்பையும் தின்றிருந்தது. உள்ளே சர்க்யூட் தகட்டில் ஒரு செம்புக் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குக் கறுப்பு பூஞ்சை மாதிரி தவழ்ந்து ஏறியிருந்தது. சாயங்கால ஈரம் பட்டால் அதன் வழியே மின்சாரம் கசிந்து பூட்டைத் தட்டும். ரேடியோவுக்குப் போகிற வயரிலும் அதே கதை. ஞாயிறுதோறும் சிஸ்டரே சர்ச்சுக்கு ஓட்டிப்போனதால் பேட்டரி உயிரோடு இருந்தது. வயரைத் தொட்டேன். ஓரிடத்தில் உறை இளகிப்போயிருந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் பற்றிக்கொள்ளும், அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே.

எப்படிச் சொல்வது என்று நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சிஸ்டர் பின்னால் வந்து நின்றார்.

"வயர் தானே?"

"ஆமா சிஸ்டர்."

"தெரியும்பா. எத்தன பேருக்குக் கண்ண மூடி விட்டிருக்கேன். போனவங்க திரும்பி வந்து கதவ பூட்ட மாட்டாங்க. ஆனா இந்த வீட்ல யாரோ வந்தாங்கன்னு ஒரு சத்தம் வேணும் எனக்கு. அத எடுத்துடாத."

நெருப்புப் பற்றும் என்று சொன்னேன். பழைய பெட்டியை எடுத்துவிட்டு ஒரு டைமர் வைத்துவிடலாம். தினம் மாலை சரியாக ஏழு மணிக்கு டக் என்று கேட்கும், ஆபத்தே இல்லை என்றேன். எனக்கே என் யோசனை அபாரமாகப் பட்டது.

சிஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டெய்லி ஏழு மணிக்கா? அவரா?"

கௌஸ் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவரு வேல பாத்த ஷாப்பு காத்துதான் டெய்லி வந்து தட்டுது, சிஸ்டர். வயரு இன்னா வயரு? அப்ப அது அவருதானே" என்றான். பிறகு என்னிடம், "அறுக்காம இருக்க ஒரு வழி பாரு தோஸ்த். உனக்குத் தெரியாததா?" என்றான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இளகிய வயரை மட்டும் மாற்றினேன். கறுத்த பெட்டியைக் கறுப்போடு அப்படியே விட்டு, அதற்குப் போகிற வழியில் மிகச் சின்ன ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்தேன், யார் கண்ணுக்கும் படாமல், கம்பளத்துக்கு அடியில். கசிவு அளவோடு இருக்கிறவரை சத்தம் வரும். ஜாஸ்தியானால் ஃபியூஸ் போய்விடும், வண்டி எரியாது. போய்விட்டால் அதோடு நின்றுவிடும் என்பதையும் சொன்னேன். "நிக்கிறப்ப நிக்கட்டும்" என்றார் சிஸ்டர். "அத யாரு கையில புடிச்சி வெக்க முடியும்?"

ராபின் போன் பண்ணி, "சரி ஆயிடுச்சா அண்ணா?" என்று கேட்டான். கௌஸ்தான் பேசினான். "சத்தம் வரும் சார். நெருப்பு வராது. அம்மா கேட்டது அவ்ளோதான்." ராபின், "சரி, வண்டி இருக்கட்டும்" என்றான்.

அதற்குப் பிறகும் அந்த வண்டி வெகுகாலம், தன் இஷ்டம்போல, சில நாள் சீக்கிரம், பல நாள் தாமதமாகப் பூட்டிக்கொண்டுதான் இருந்தது. கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் நிலையம் வந்தது. சில ஷாப்புகள் மூடின. மாலைகளில் வாடை குறைந்தது. கௌஸின் அம்மா சொன்னபடி எனக்கு உள்ளூரப் பயம்தான்.

ஒரு காலையில் கடைக்கு போன் வந்தது. லில்லி சிஸ்டர்.

"தம்பி, நேத்து வரலப்பா."

"ஃபியூஸ் எடுத்துக்கிட்டு இப்பவே வர்றேன் சிஸ்டர்."

"வேணாம். முந்தாநாளும் வரல. மழன்னு நெனச்சிட்டேன்." கூடவே சொன்னார், "உங்க ரெண்டு பேருக்கும் சொல்லணும்னு தோணிச்சி. வேற யார்கிட்ட சொல்றது?"

கௌஸ் ஷட்டரை இறக்கினான். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி, வழியில் எதுவும் வாங்காமல், வெறுங்கையோடு போனோம். சிஸ்டர் டீ கொடுத்தார். யாரும் ஷெட் பக்கம் போகவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் டக் கேட்காமலே சிஸ்டர் எங்களுக்குப் போட்ட முதல் டீ அது.

அந்த மாதமே ராபின் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துப்போனான். இந்த முறை அவர் மறுக்கவில்லை. வண்டியை யார் வாங்கியது என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மேம்பாலத்தின் தூண் நிற்கிறது. கௌஸ் துபாயில் தைக்கிறான், நான் காட்பாடிக்கு வந்துவிட்டேன். ஆம்பூரில் இறங்கிச் சாயங்காலம் நின்று பார்த்தேன், ஒருமுறை. பிரியாணி வாசனை மட்டும்தான் வந்தது.