இடது கையில் நாலு தட்டு

மகள் வரவழைத்த ஃப்ரைட் ரைஸ் பொட்டலத்தைப் பிரித்ததும், சோயா சாஸ் வாசனை என்னைத் திருவாரூர்க் கடைவீதியின் ஒரு மாடிப்படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்த மாடியில்தான் சைனீஸ் ஓட்டல் இருந்தது. சிவப்புக் காகித விளக்குகள், பிசுபிசுக்கும் மேஜை, தடுப்புக்குப் பின்னால் இரும்புச் சட்டியில் கரண்டி இடிக்கும் ஓயாத சத்தம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அப்பா எங்களை நன்னிலத்திலிருந்து பஸ் ஏற்றி அங்கே அழைத்துப்போவார். அவருக்குச் சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருந்தார்.

ஒரு முறை அம்மாவின் அண்ணனும் வந்திருந்தார். நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டே, "ஆபீஸ்ல என்ன வேலைன்னு சொல்லவே இல்லையே மாப்ள" என்று மாமா மறுபடியும் மறுபடியும் கேட்க, அப்பா சூப்பில் மிளகுத்தூளைத் தூவிக்கொண்டே இருந்தார். அம்மா அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. எனக்கு மாமாவை அடிக்க வேண்டும் போலிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவின் கைகள் தாமாக எழுந்தன. எச்சில் தட்டுகள் நாலும் அவர் இடது கையில் வரிசையாக ஏறி உட்கார்ந்தன. வலது கை மேஜையை ஒரே இழுப்பில் துடைத்தது. பிறகுதான் எங்களைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"வீட்லயும் இப்படித்தாண்ணே" என்றாள் அம்மா. "என்னைய ஒரு தட்டு எடுக்க விடமாட்டாரு."

வீட்டில் அப்பா தான் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை.