பையருகே நான்கு நிமிடம்

அந்த நடைக் குழுவில் அவளைக் கடைசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் பின்னால் நடப்பவள். கழுத்தில் விசில், மனதில் தலைக்கணக்கு. வழியில் ஒதுங்கப் போகிறவர்கள் தோள்பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போவார்கள். பை கிடந்தால் ஆள் புதருக்குள் என்று பொருள். அவர் திரும்பும்வரை கடைசி அக்கா பைக்குப் பக்கத்திலேயே நிற்பாள். இந்த ஒரு வழக்கத்துக்காகவே அவள் அந்தக் குழுவில் சேர்ந்தாள்.

பத்தொன்பது வருடம் ஒரு தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காலர் வைத்தவள் அவள். சம்பளத்துக்கு உழைப்போடு உடம்பையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்த ஆலை அது. எண்பது பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அதன் சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் தொங்கும். நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு நான்கு நிமிடம். திரும்பி வந்து பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெண்கள் அவருக்குச் சாவி என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக இருந்த ஒரு நாள், மூன்றாவது முறையாக அவர் மேசை முன் போய் நின்றாள். "ஒரு நிமிஷம் சார், ஒரே ஒரு நிமிஷம்" என்று கெஞ்சினாள். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே இரண்டு கையெழுத்தும் இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மெஷின் மிதியில் கால் இருக்கும்போதே எல்லாம் நடந்து முடிந்தது. நாற்காலியிலிருந்து தரையில் சொட்டிய சத்தம் எண்பது பேருக்கும் கேட்டதாகவே அவளுக்குப் பட்டது. சாவி வந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தொடச்சிட்டு வேலையப் பாரு."

அன்றைய காலர்களை ஈரத்தோடு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து போகவில்லை.

கூட வசிக்கும் அக்கா ஆறுதல் சொன்னாள், கடவுள் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கார் என்று.

"அன்னிக்கும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தார்? எந்த மெஷின்ல உக்காந்திருந்தாருன்னு கேட்டுச் சொல்லுக்கா."

பதினோரு வருடம் கழித்துச் சாவி அதே நடைக் குழுவில் வந்து சேர்ந்தார். குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அவளைத் தெரியவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார். தையல் என்றாள். தானும் அதே தொழில்தான், பெண்களை மேய்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவள் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

எட்டு மாதத்தில் அவர் குழுவுக்குத் தலைவர். அவர் கொண்டுவந்த முதல் தீர்மானம்: பைக்குப் பக்கத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் யாரும் காத்திருக்கக் கூடாது, குழு தாமதமாகிறது. அறுபதைத் தாண்டியவனுக்கு அது மணி அடித்தால் வருமா என்று ஓய்வுபெற்ற தபால்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கையும் தூக்கினார்கள். முதலில் உயர்ந்தது கடைசி அக்காவின் கை.

கடற்கரை நடைக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மணலில் இரண்டு மணி நேரம் நடந்தால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதன் அடியைச் சுற்றிப் போனால் மறுபக்கம் தேநீர்க் கடை. அன்று பதினொரு மணிக்கு மேல் கடல் ஏறி அந்த வழியை மூடிவிடும். பிறகு குன்றின் மேல் படிகள் ஏறிச் சுற்றி வர வேண்டும், அதற்கு இரண்டு மணி நேரம். காலையில் இதை விளக்கியவரே தலைவர்தான்.

பாறைக்குச் சற்று முன்னால் பாதையோரம் ஒரு நீலப் பை கிடந்தது. அவருடையது.

அவள் நின்றாள். மணி பத்து ஐம்பத்தொன்று. மற்றவர்கள் பாறையைத் தாண்டி மறைந்தார்கள். புதருக்குப் பின்னால் அவர் இருமுவது கேட்டது. வயதானால் நேரம் பிடிக்கும், அவளுக்குத் தெரியாததில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நான்காவது முடிந்ததும் குரல் கொடுத்தாள்.

"நாலு நிமிஷம் ஆச்சு சார்."

"ஒரு நிமிஷம்மா, ஒரே ஒரு நிமிஷம்."

அவள் விசிலை ஒருமுறை ஊதினாள். பையைத் தொடாமல் நடந்தாள். பாறையடியில் தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது.

கடையில் கணக்குச் சொன்னாள்: இருபத்தொரு பேர், தலைவர் பின்னால், நான்கு நிமிடம் தாண்டிவிட்டது, மேலே படி வழியாக வருவார். தபால்காரர் இன்னொரு தேநீர் சொன்னார்.

ஒரு மணிக்குமேல் அவர் வந்தார். முதலில் பாறையடியில் இறங்கிப் பார்த்திருக்கிறார். இடுப்புவரை ஏறிய தண்ணீர் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கால்சட்டை இன்னும் காயாமல் தொடையோடு ஒட்டியிருந்தது. பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் அந்த ஈரத்தைப் பார்த்தார்கள்.

"வயசான மனுஷனை விட்டுட்டு வர்றியே, கொஞ்சமாவது மனுஷத்தன்மை வேணாமா?"

"அதை எந்தப் பதிவேட்டுல எழுதணும் சார்? காலர் வரிசையில மூணாவது மெஷின் நான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கால்சட்டையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடைசி அக்கா தன் பையிலிருந்து துண்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"தொடச்சிட்டு நடங்க."

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை அவரே ரத்துசெய்தார். கூட்டம் முடிந்ததும் அவளை ஓரமாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். எனக்கு மட்டுமா சாவி தரவில்லை என்று கேட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த ஒரு தாளை அவர் கையில் கொடுத்தாள். எண்பது பேரில் அவளால் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த ஐம்பத்து மூன்று பேரின் விலாசங்கள். எல்லா வீட்டுக்கும் போய் இதையே சொல்லிவிட்டு வரச் சொன்னாள். இதுவரை ஒன்பது வீடுகளுக்குப் போயிருக்கிறார். இரண்டில் கதவைச் சாத்திவிட்டார்களாம்.

இன்னுமா அந்த மனுஷனை மன்னிக்கவில்லை என்று போன வாரம் வீட்டில் அவள் அக்கா கேட்டாள்.

"இன்னும் நாப்பத்திநாலு வீடு இருக்குக்கா."