சீதனக் கட்டிலின் கால்கள்

நோர்வேயில் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் எடை என்ன என்பதுதான். யாரும் முகம் சுளிப்பதில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டு, கட்டிலில் ஏறிப் பக்கவாட்டில் படுத்துக் காட்டுவார்கள். இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்ப்பேன். கை தாராளமாகப் போனால் மெத்தை கடினம். போகவே இடமில்லாவிட்டால் உடம்பு புதைகிறது. ஊரில் ஒரு பெண்ணிடம் எடையைக் கேட்டுவிட்டு அவருடைய படுக்கையில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்து ஆரம்பத்தில் எனக்குள் சிரித்திருக்கிறேன். கொம்யூனில், அதாவது அங்குள்ள நகரசபையில், முதுகுவலிக்காரர்களின் கட்டில்களைச் சரிசெய்யும் தொழில்நுட்பவியலாளர் நான்.

ஒருமுறை ஒரு பெண்மணி, என் அம்மாவின் கட்டிலை ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அம்மா படுப்பது என் கட்டிலில் என்றேன். எங்கள் பக்கத்தில் வீடும் கட்டிலும் மகளுக்குத்தான் என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அம்மா உனக்கு எவ்வளவு வாடகை தருகிறார்?" என்றார். எனக்குப் போதிய நொஸ்க் மொழி தெரிந்திருந்தது. ஆனாலும் நாடாவை எடுத்து அவருடைய கட்டிலை அளக்கத் தொடங்கினேன்.

சென்ற விடுமுறையில் திருகோணமலைக்குப் போனது அந்தக் கட்டிலுக்காகத்தான். அம்மாவுக்கு இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி. உட்துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள வீட்டில் அவர் தனியே இருந்தார். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா காலையில் வந்து தூக்கி நிறுத்தினால்தான் அவருக்கு நாள் தொடங்கும். செல்வி அக்காவும் மகளின் பிரசவத்துக்கு வவுனியா போக இருந்தார். தானாக எழுந்து நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் கால் சோர்ந்துவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்கு மூன்று கிழமை விடுப்பு. எதற்கும் இரண்டாவது திட்டம் ஒன்று வைத்திருப்பது என் வழக்கம். இம்முறை அப்படி ஒன்று இருக்கவில்லை.

நான் உயர்தர வகுப்பில் படிக்கும்போது என் சீதனத்துக்கென அப்பா முதிரை மரத்தில் செய்வித்த கட்டில் அது. கலியாணம் முடித்து நான் படுக்க வேண்டும் என்பதற்காக, வெள்ளை விரிப்புப் போட்டு வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்த அறையில் பாயில் படுத்தார்கள். அப்பா காலமாகி, தரையிலிருந்து எழும்ப முடியாமல் போன பிறகுதான் அம்மா அதில் ஏறினார். அப்போதும் நடுவில் படுக்கவில்லை. பிள்ளையின் கட்டில் என்று ஓரத்தில்தான். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நான் வாங்கச் சொன்ன ஸ்பொஞ்ச் மெத்தை பழுதாகக்கூடாதென்று பொலித்தீன் உறையோடு கிடந்தது. அதன் கீழே குழிவிழுந்த பழைய தும்பு மெத்தை. அதற்கும் கீழே வெடித்துப்போன குறுக்குச் சட்டம். இவ்வளவுக்கும் மேலே ஓரமாகச் சரிந்து படுத்த அம்மா, கால் தரையில் முட்டாததால் நோகிற இடுப்பைத் திருகி வழுக்கித்தான் இறங்க வேண்டியிருந்தது.

பொலித்தீனைக் கிழித்தேன். தும்பு மெத்தையை எடுத்து வெளியே போட்டேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த மரவேலை செய்யும் ஓடாவி நிசாம் நானா புதிய சட்டம் அடித்து, நடுவில் ஒரு தாங்குகாலும் வைத்தார். அம்மாவை நடுவில் படுக்கவைத்து இடுப்பின் கீழ் கையை நுழைத்தேன். அளவாகப் போனது. வலி சற்றுக் குறைந்தது. ஆனால் எழும்ப முடியவில்லை. கட்டில் இன்னும் ஒரு சாண் உயரம். படி ஒன்று வைத்துப் பார்த்தோம். விறைத்த கால் படியைத் தவறவிட, விழவிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன். வேறு கட்டில் போட அந்த அறையில் இடமில்லை; அடுத்த அறை பாய் விரிக்க மட்டும்தான் போதும். இதைக் கழற்றி வெளியே எடுக்கவும் அம்மா விடவில்லை. கால்களை வெட்டுவதுதான் மிச்சம்.

மரம் அறுக்கும் வாளை எடுத்த நிசாம் நானா அதைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, இது பொம்புளப் பிள்ளைக்குச் செஞ்ச சாமான். எங்கட ஊரிலயும் இப்பிடித்தான். அம்மா ஓம் எண்டாத்தான் வெட்டுவன்."

"வெட்டினா ஒட்டேலாது," என்றார் அம்மா. "நாளைக்கு நீ கலியாணம் கட்டி வந்தா, மாப்பிள்ளை முழங்கால் நாடியில முட்டக் குந்திக்கொண்டிருக்கிறதே?"

நானா சிரித்துவிட்டார். நான் நரம்பு, கோணம், உயரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட்டிலின் உயரம் அம்மாவுடைய முழங்காலின் உயரமாக இருக்க வேண்டும் என்று கையால் காட்டினேன். வானொலியில் காலநிலை கேட்பதுபோல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். மதிலுக்கு அப்பால் செல்வி அக்கா பயணத்துக்கு உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தது யன்னலால் தெரிந்தது. என்னிடம் சொல்ல ஒரேயொரு காரணம்தான் மீதியாக இருந்தது.

"அம்மா, நான் வந்து இருக்கமாட்டன். வந்தாலும் வந்துபோற ஆள்தான். இது உங்கட கட்டில்."

நானா எழுந்து முற்றத்துக்குப் போனார். அம்மா அழவில்லை. விரிப்பிலிருந்த ஒரு மடிப்பைத் தடவித் தடவி நேராக்கினார். அது நேரான பிறகும் தடவிக்கொண்டேயிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அப்ப எனக்கு அளவா வெட்டச் சொல்லு."

குதியிலிருந்து முழங்கால் மடிப்புவரை நான்தான் அளந்தேன். நோர்வேயில் எத்தனையோ பேருக்கு இதே அளவை எடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டு தடவை அளந்தேன்.

வெட்டிய பிறகு சில நாட்கள் நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு காலை, அம்மா பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, பாதம் முழுவதும் தரையில் படிய, சட்டத்தைப் பிடித்துத் தானாக எழுந்து தேநீர் வைக்கக் குசினிக்குப் போனார். நான் அதற்காகத்தான் வந்தேன். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

புறப்படும் அன்று அம்மா படலைவரை நடந்து வந்தார். என் கைப்பையின் பட்டியைச் சரிசெய்தார்.

"வாறதெண்டா முன்னமே சொல்லு பிள்ளை. உனக்குப் படுக்க ஏதும் ஒழுங்குபண்ண வேணும்."

அதில் கோபம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்துபோகிற எவரிடமும் சொல்வதைப்போலத்தான் சொன்னார். வான் புறப்பட்டதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வீதி முடக்கில் நாங்கள் திரும்பும்வரைக்கும் நிற்பார் என்று நினைத்திருந்தேன். படலை சாத்தியிருந்தது. அம்மா யாரையும் பிடிக்காமல், தன் காலில், முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.