பதிலுக்கு ஒரு கன்று

எங்கள் வீட்டுப் பலாமரத்தை வெட்ட அனுமதி கிடைக்கக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. அனுமதி கேட்டு மனுப் போட்டவர் என் கணவர். ஒரே வீட்டில் ஒருவர் மனுப் போட, இன்னொருவர் அது தள்ளுபடியாக வேண்டும் என்று விளக்கேற்றினால் சாமியும்தான் என்ன செய்யும்?

ஜெலுத்தோங்கில் எங்களுடையது வரிசையின் கடைசி வீடு. பக்கவாட்டில் ஒரு துண்டு மண், அதன் ஓரத்தில் மதில், மதிலுக்கு அப்பால் அடுத்த வரிசையின் முதல் வீடு. பலா அந்த மதிலை ஒட்டி வளர்ந்திருந்தது. வேர் முட்டி மதில் கொஞ்சம் சாய்ந்திருந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்தும் பாராத மாதிரி இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஒருநாள் சாயங்கால மழையில் பெரிய கிளையொன்று முறிந்து, அடுத்த வீட்டுக் கார் நிறுத்தும் கூரைமேல் விழுந்தது. கூரைத் தகடு மடங்கித் தரையைத் தொட்டது. அந்த வீட்டுச் சீனப் பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவரோ தகட்டைத் தூக்கிக் காட்டி, “பேரன் தினமும் இங்கதான் சைக்கிள் ஓட்டுவான் லா, ஆன்ட்டி. இன்னைக்கு மழைன்னு உள்ள இருந்தான்” என்று மலாயில் சொன்னார். தகட்டுக்கு அடியில் பக்கத்துச் சக்கரம் வைத்த குட்டி சைக்கிள் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

அன்றிரவே என் கணவர் மரத்தை எடுத்துவிடலாம் என்றார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

“நம்ம மரம்தானே, ஆளைக் கூப்பிட்டு வெட்டிட முடியாதா?” என்று கேட்டேன். வெட்ட முடியாது என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டேன்.

“முடியாது. இவ்ளோ பருத்த மரம்னா மன்றத்துல பெர்மிட் எடுக்கணும். அவங்க வந்து பார்த்து, சரின்னு சொன்னாத்தான் கை வைக்கலாம். இல்லன்னா அபராதம்.”

சொந்த மண்ணில் நின்றாலும், அடிமரம் ஒரு சுற்றளவைத் தாண்டிவிட்டால் மாநகர் மன்றத்தைக் கேட்காமல் வெட்டக் கூடாதாம். கார் நிறுத்துவதற்கும் குப்பை போடுவதற்கும் இந்த ஊரில் உள்ள சட்டங்களையெல்லாம் வாய் ஓயாமல் திட்டியவள் நான். அன்றைக்குத்தான் ஒரு சட்டத்தை மனதாரக் கும்பிட்டேன். விடிந்ததும் தையல் டேப்பை எடுத்துப் போய் மரத்தைச் சுற்றி அளந்தேன். தாராளமாகத் தாண்டியிருந்தது. தேறிவிட்ட பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி மரத்தைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்த மரம் யாரும் நட்டதல்ல. கல்யாணமான புதிதில் பலாப்பழம் தின்று மதிலோரம் வீசிய கொட்டை தானாக முளைத்தது. அப்போது நான் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தேன். மகள் பிறந்தாள். சில நாள்தான் இருந்தாள். மூச்சு விடச் சிரமப்பட்டாள், போய்விட்டாள். பச்சைக் குழந்தையைப் புதைக்க ஆண்கள்தான் போனார்கள். எந்த இடம் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

குழந்தை போனது என் உடம்புக்குத் தெரியவில்லை. நேரத்துக்குப் பால் சுரந்தது. கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பீய்ச்சி எடுத்த பாலைக் குளியலறையில் கொட்டப் போனபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “சாக்கடையில ஊத்தாதடி. கால் படாத எடமாப் பார்த்து ஊத்து.” எங்கள் வீட்டில் கால் படாத இடம் மதிலோரம் மட்டும்தான். அங்கே இரண்டு இலை விட்டிருந்த பலாக்கன்றின் அடியில் காலையும் மாலையும் ஊற்றினேன். பால் வற்றும்வரை ஊற்றினேன். அவள் குடித்திருக்க வேண்டிய பாலை அது குடித்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள்: “வயசிருக்கு. இன்னொண்ணு பொறந்தா எல்லாம் மறந்துரும்.” அவர்கள்மீது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. எனக்கு இன்னொன்று வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். சரி என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லையே, இவருக்கு அவ்வளவுதானா அவள் என்று அதற்காகவும் பல வருஷம் அவர்மீது மனத்தாங்கல் வைத்திருந்தேன்.

என் மகளுக்கென்று எனக்கு இருந்த இடம் அந்த மரத்தடி ஒன்றுதான். அதை எந்த மனுவில் எழுதுவது?

மரத்தைப் பார்க்க வந்த அதிகாரி ஒரு சின்ன வயது மலாய்ப் பெண். முக்காட்டின் மேல் வெயில் தொப்பி. அவளுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்து, பலாச்சுளையும் வைத்து, “இவ்வளவு பெரிய மரத்தை வெட்டவே முடியாதுதானே?” என்று கேட்டேன். லஞ்சம் என்றால் லஞ்சம்தான். அவள் சிரித்தாள். “பார்க்கணும், மக்சிக்” என்றாள். பெரியம்மா என்று முறை வைத்து அழைத்தவளிடம் சண்டை போடவும் முடியவில்லை.

டேப் போட்டு அளந்தாள். நான் அளந்தது சரிதான். பிறகு மரச்சுத்தி ஒன்றை எடுத்து அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். மதில் பக்கம் தட்டியபோது சத்தம் மாறியது. காலித் தகரத்தைத் தட்டிய மாதிரி இருந்தது. வேர்ப் பக்கம் ஒரு கம்பியை வைத்து அழுத்தினாள். அது வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியே எடுத்தபோது கம்பியின் முனையில் கறுப்பாக ஈரத்தூள். “உள்ளே முழுக்க உளுத்துப் போச்சு, மக்சிக். விழுந்தா அந்தப் பக்கம்தான் விழும்.” அந்தப் பக்கத்து முற்றத்தில் பேரன் புது சைக்கிளில் மணியடித்துக்கொண்டு சுற்றினான். நான் கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அனுமதி வந்தது. கணவர் கூடத்தில் உட்கார்ந்து மன்றத்தின் கடிதத்தைப் படித்து எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை. வெட்டும் மரத்துக்குப் பதிலாக அதே வளாகத்தில் ஒரு கன்று நட வேண்டும்.

எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ எனக்கு. “இன்னொண்ணு வெச்சா சரியாப் போச்சா? அன்னைக்கும் இதே பேச்சு, இன்னைக்கும் இதே பேச்சு! ஒண்ணு போனா இன்னொண்ணு, அவ்ளோதானா உங்க எல்லாருக்கும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் கேட்டேனா?” என்றார்.

“என்னத்தை?”

“இன்னொண்ணு வேணும்னு. இத்தனை வருஷத்துல நான் என்னைக்காச்சும் உங்கிட்ட கேட்டேனா, மா?”

கேட்டதில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. அவளைக் கையில் ஏந்திப் போனவர் அவர். மண்ணைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, மதிலோரம் நான் குனிந்து நிற்பதைக் காலையும் மாலையும் சன்னலில் நின்று பார்த்திருக்கிறார். அழுதேன். அவரும் அழுதார். அவளுக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

மரம் வெட்ட வந்தவர்கள் மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். வெட்டிய இடமெல்லாம் பால் வழிந்து கத்தியிலும் கையிலும் ஒட்டியது. “அக்கா, எண்ணெய் இருக்கா?” என்று ஒருவர் கேட்டார். தேங்காயெண்ணெயும் பழைய செய்தித்தாளும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேரைத் தோண்டி எடுத்த பிறகு அந்தக் குழியை எட்டிப் பார்த்தேன். வெறும் மண்தான்.

கணவரே போய் ஒரு மகிழங்கன்று வாங்கி வந்தார். மதிலிலிருந்து நன்றாகத் தள்ளி, அவரே குழி தோண்டி நட்டார். அந்தப் பெண் அதிகாரி மறுபடி வந்து, கன்றைப் படம் பிடித்துக்கொண்டு, “நல்லாப் பார்த்துக்குங்க, மக்சிக்” என்றாள். தலையாட்டினேன்.

தினமும் காலையில் அவர் குவளையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார். இப்போது சன்னலில் நின்று பார்ப்பது நான். கன்று புதிதாக இரண்டு இலை விட்டிருக்கிறது. ஒருநாள் குவளையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு, கன்றைத் தாண்டி, பலா நின்ற மதிலோரம் வரை போனேன். அங்கே நின்று அழுதுவிட்டு, தண்ணீரோடு திரும்பி வந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.