அடங்கிக் கிடந்த கிருமி

பஸ் கண்டக்டருக்குக் காசநோய் என்று தெரிந்ததிலிருந்து அவர் தனி அறையில்தான் படுத்தார். தையற்கடை வேலை முடிந்து வந்ததும் அவர் மனைவி கதவோரம் உட்கார்ந்து அன்றைய சங்கதியெல்லாம் சொல்லுவாள். மருந்தில் அவர் இருமல் அடங்கிய பிறகு, டாக்டர் அவளையும் பரிசோதித்தார். கிருமி அவள் உடம்பிலும் இருந்தது.

"என்னாலதானே?" என்றார் கண்டக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நோய் எதுவும் இல்லை" என்றார் டாக்டர். "இவங்க உடம்புல இருக்கிற காவல் செல்கள் கிருமியை விழுங்கி, கூட்டமா சேர்ந்து சுத்திலும் சுவர் கட்டியிருக்கு. கொல்ல முடியாததை உள்ளேயே அடக்கி வச்சிருக்கு. பின்னாடி அது தலைதூக்காம இருக்க மாத்திரை தர்றேன்."

அவள் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷமா இவரையே அடக்கி வச்சிருக்கேன் டாக்டர், இந்தக் கிருமி எம்மாத்திரம்!"

கண்டக்டரும் சிரித்தார்; சிரிக்கும்போதே கண் கலங்கியது. வீட்டுக்கு வந்ததும் முதல் மாத்திரையை அவரே பிரித்துத் தண்ணீரோடு நீட்டினார். அவள் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.