நிலவு மண்ணும் குருநகர்ச் செபநாயகமும்

குருநகர்ச் செபநாயகம் இருபது வருடம் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடியவர். நாற்பது வயதில் ஒரு செவி அடியோடு கேட்காமல் போனது. இனித் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்றார் டொக்டர். அன்றிலிருந்து மற்றச் சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டர்களைத் திருத்துவதும் நிரப்புவதுமே அவர் தொழில். அவர் கை வைத்த சிலிண்டரோடு இறங்கி ஒருவனும் மூச்சுத் திணறியதில்லை.

போன மாசியில் அவரைத் தேடித் தக்சாயினி வந்தார். குருநகருக்குக் கிட்டவுள்ள திருநெல்வேலி ஆய்வுகூடம் ஒன்றில் நிலவு மண்ணிலிருந்து ஒட்சிசன் எடுக்க முயல்பவர். நிலவில் இருக்கும் கனிமம் ஒன்று புல்மோட்டைக் கறுப்பு மணலிலும் உண்டு. நிலவு மண்ணுக்குப் பதிலாக அந்த மணலை உலையில் சூடாக்கி ஐதரசனைச் செலுத்தினால், மண்ணுக்குள் கட்டுண்ட ஒட்சிசன் நீராகி வெளியே வரும். அந்த நீரை மின்சாரத்தால் பிரிக்கலாம். ஆனால் வாயு எங்கோ கசிந்தது. மூன்று மாதமாக ஒரு சொட்டு நீரும் இல்லை.

"நிலவைப் பற்றி எனக்கென்ன தெரியும், மிஸ்?"

"அங்கை போற ஆக்கள் மூச்சு விட வேணும், அண்ணை. நீங்கள் இஞ்சை செய்யிறதும் அதுதானே?"

செபநாயகம் கையைத் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். "பாப்பம்."

ஆய்வுகூடத்தில், உலைக் குழாய்க்குள் ஆபத்தில்லாத நைதரசனை நிரப்பி, குழாய்கள் இணையும் பூட்டுகளில் சவர்க்கார நுரை தடவினார். ஒரு குமிழியும் இல்லை.

"நாங்களும் உப்பிடித்தான் பாத்தனாங்கள்" என்றார் தக்சாயினி.

"ஆறின குழாயைப் பாத்து என்ன பிரயோசனம்? சூடாக்குங்கோ."

உலை சிவக்கச் சிவக்க, அழுத்தமானியின் முள் இறங்கியது.

"பூட்டு உலைக்குக் கிட்ட இருக்கு, மிஸ். சூட்டிலை விரிஞ்சு காத்தை விடுது."

குழாயை ஒரு முழம் நீட்டினார். பூட்டை வெளியே கொண்டுவந்து, செப்புக் குழாயால் சுற்றி, அதற்குள் குளிர்நீரை ஓடவிட்டார். நாலு நாள் வேலை.

ஐந்தாம் நாள் குடுவையில் நீர் சொட்டியது. மாலைக்குள் இரண்டு தேக்கரண்டி. அதைப் பிரித்து வாயுவைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்தார்கள். தக்சாயினி தணல் பிடித்த குச்சியை அவரிடம் நீட்டினார். "நீங்கள் வையுங்கோ, அண்ணை."

அவர் அதைக் குழாயின் வாய்க்குள் விட்டார். குச்சி குப்பென்று பற்றிக்கொண்டது. ஒட்சிசன்தான்.

ஆய்வறிக்கையில் நாலாவது பெயர் அவருடையது. மனைவி றோஸ் அந்தத் தாளை வேலியோரம் நின்று அயலுக்கெல்லாம் காட்டினாள். "நிலவிலை மூச்சு விட எங்கடை மனுசன்தான் காத்து எடுத்துக் குடுத்தவர்!"

"நிலவு மண் இல்லையடி, அதைப் போல ஒரு மண்" என்று செபநாயகம் திருத்தினார், மூன்று வீடு தள்ளியும் கேட்கும்படி.